லேத் ஸ்டாண்டு ஏறிய வெள்ளிக்கிழமை

மரமேசையின் கால் பிளந்தபோது இக்லாஸ் லேத்துக்கு எதிரே குனிந்து இரும்புச் சுருள்களைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ முறிகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தால், ஒரு கன்றுக்குட்டியையும் அதன் தாயையும் சேர்த்தது போலக் கனமான அந்தக் கடைசல் யந்திரம் தலையைச் சாய்த்துக்கொண்டு அவளை நோக்கி வருகிறது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நல்ல காலம், சாய்ந்த லேத் பக்கத்திலிருந்த பட்டறைப் பலகையில் இடித்து அங்கேயே நின்றுவிட்டது. அவள் கணவன் கானிம் ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தான். அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

இக்லாஸ் துடைப்பத்தை எடுத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மகன் பெயரை வைத்து, 'அன்மாரின் அப்பா' என்ற பொருளில்தான் அவனைக் கூப்பிடுவாள்.

"அபூ அன்மார், இது நிக்கிறதுக்கு இரும்புல ஸ்டாண்டு செய்யுங்க. இல்லேன்னா வித்துடுங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கிற வரைக்கும் நான் இந்த அறைக்குள்ள கால் வைக்கமாட்டேன்."

விற்கிற பேச்சுக்கே இடமில்லை. இராக்கின் மோசூல் நகரக் கடைவீதியில் கானிமுக்கு இருந்த பட்டறை போரில் எரிந்துபோனது. மிஞ்சியது இந்தப் பழைய ரஷ்ய லேத் ஒன்றுதான். அதை வீட்டின் முன்னறையில் போட்டு, கிணற்றுப் பம்புகளுக்குத் தண்டு கடைந்து கொடுத்துத்தான் குடும்பம் நடந்தது, மகன் அன்மார் எர்பில் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஆனால் மரமேசை வந்த நாளிலிருந்தே வேலை சரியில்லை. லேத் ஓடும்போது மேசை உதறும். மேசை உதறினால் உளி துள்ளும், தண்டின் மேல் அலை அலையாகக் கோடு விழும். பம்புக்காரர்கள் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது தண்டா, எங்க அம்மா துணி துவைக்கிற பலகையா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, நெம்பி நெம்பி, லேத்தைத் தரையில் கிடந்த கட்டைகள் மேல் இறக்கினான். பிறகு சிமெண்டுத் தரையில் சாக்குக் கட்டியால் ஸ்டாண்டை வரைந்தான். தலைப்பக்கம் ஒரு பெட்டிக்கால், வால்பக்கம் ஒரு பெட்டிக்கால். இரண்டும் கனத்த சேனல் இரும்பில். நடுவே குறுக்குச் சட்டங்கள். மேலே கட்டைவிரல் தடிமனில் இரும்புத் தட்டு. அடியில் மட்டம் சரிசெய்யத் திருப்பும் போல்ட்டுகள். படம் அழகாகத்தான் இருந்தது. அவனிடமிருந்த வெல்டிங் மிஷின் ஜன்னல் கம்பி ஒட்டத்தான் லாயக்கு. இத்தனை தடிமனான இரும்பை உள்வரை உருக்கி ஒட்ட வேறு மிஷின் வேண்டும், வேறு கையும் வேண்டும்.

மறுநாள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஸுஹைர் நிற்கிறான். பின்னால் தள்ளுவண்டியில் பெரிய வெல்டிங் மிஷின்.

ஸுஹைர் இக்லாஸின் அண்ணன், அவள் சொல்லியனுப்பித்தான் வந்திருக்கிறான். அவனும் கானிமும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

போர் முடிந்து ஊர் திரும்பியபோது இந்த முன்னறையின் கூரை தரையில் கிடந்தது. ஸுஹைர்தான் இடிபாடுகளிலிருந்து நீளமான இரும்பு உத்திரங்களை இழுத்து வந்து, தட்டி நிமிர்த்தி, துரு தேய்த்து, கூரையைத் திரும்பப் போட்டுக் கொடுத்தான். கூலி வாங்கவில்லை. அந்த வருஷம் ஒரு கல்யாண விருந்தில், சோற்றுத்தட்டைச் சுற்றி உறவெல்லாம் உட்கார்ந்திருக்க, கானிம் வாய் கொழுப்பில் ஒன்று சொன்னான்: "எங்க மச்சான் என் தலைக்கு மேல யார் வீட்டு எலும்பையோ தொங்கவிட்டிருக்கார். தூங்கும்போது ஒரு கண்ணைத் தொறந்து வச்சுக்கிறேன்." எல்லாரும் சிரித்தார்கள். ஸுஹைர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றைக்கு நின்ற பேச்சு.

இப்போது வாசலில் நின்றவன் கானிமின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்துத் தங்கையிடம் சொன்னான்: "இக்லாஸ், இரும்பு எங்க கிடக்குன்னு கேட்டுச் சொல்லு."

"பின்கட்டுலன்னு சொல்லு" என்றான் கானிம், அவனும் அவளைப் பார்த்தே.

இக்லாஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் என்ன டெலிபோனா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு வழியில்லை. ஒருவன் சுவரைப் பார்த்துச் சொல்வான், மற்றவன் தரையைப் பார்த்துப் பதில் சொல்வான்.

உள்ளே வந்த ஸுஹைர் முதலில் கூரையைத்தான் பார்த்தான். நடு உத்திரத்தின் மீது கண்ணை ஓட்டிக்கொண்டே போய், அது வெளிச்சுவரில் நுழைகிற இடத்தில் நிறுத்தினான். அங்கே உத்திரத்தின் நுனிக்குக் கீழே, எண்ணெய்ப் புகை வெளியேற கானிம் போன குளிர்காலத்தில் பொருத்திய காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஸுஹைர் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். 'தன் வேலை இன்னும் நிக்குதான்னு பாக்கறான்' என்று கானிம் நினைத்துக்கொண்டான்.

வேலை என்று வந்துவிட்டால் ஸுஹைரைக் குறை சொல்ல முடியாது. சேனலை அளவாக அறுத்து, மூலைமட்டம் வைத்து நிறுத்தி, மூலைக்கு ஒரு பொட்டு மட்டும் வைத்து ஒட்டினான். ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் இரும்பு முறுக்கிக்கொள்ளும். அதனால் இந்த மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம், ஆறவிட்டு மறுபடி கொஞ்சம் என்று தாவித் தாவிப் போனான். ஆறும் நேரத்தில் கானிம் கிரைண்டர் பிடித்தான். ஸ்டாண்டின் வால்பக்கக் கால் அப்படியும் ஒரு நூல் அளவு முறுக்கிக்கொண்டது. ஸுஹைர் அதைப் பார்த்துவிட்டுத் தரையிடம் கேட்டான்: "அறுத்துட்டு மறுபடி ஒட்டவா?"

"சூடு காட்டி இழுத்தா வந்துரும்" என்றான் கானிம் சுவரிடம்.

சூடு காட்டி இழுத்தார்கள். வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பெட்டிக்கால்களுக்குள் உலர்ந்த ஆற்றுமணலைக் கொட்டி நிரப்பி மூடினார்கள், அதிர்வை அது விழுங்கிவிடும். தரையில் துளை போட்டு ஸ்டாண்டை போல்ட் வைத்து இறுக்கினார்கள். தட்டிப் பார்த்தால் கிண்ணென்ற சத்தமே இல்லை, பாறையைத் தட்டுவது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, லேத்தைத் தூக்கி ஸ்டாண்டின் மேல் வைப்பதாக ஏற்பாடு. ஸுஹைர் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியைக் கொண்டுவந்திருந்தான். ஏணியில் ஏறி, நடு உத்திரத்தில் உருளும் சக்கரங்களை மாட்டி, அவற்றில் அதைத் தொங்கவிட்டான்.

கானிம் கீழே நின்று உத்திரத்தைப் பார்த்தான். யார் வீட்டு எலும்போ என்று அன்று விளையாட்டாகச் சொன்னதில் பாதி விளையாட்டு இல்லை. அந்த உத்திரத்தை அவன் நம்பவில்லை. கூரையின் கனம் வேறு, அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி வேறு. இப்போது லேத்தும் சேர்ந்தால் தாங்குமா? 'மூணுகால் கொம்பு நட்டு அதுல மாட்டுவோம் மச்சான்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? ஸுஹைர் சங்கிலியைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவான். இக்லாஸ் மறுபடி நடுவில் நிற்பாள். கானிம் சங்கிலியைப் பிடித்தான்.

லேத்தின் வயிற்றைச் சுற்றி இரண்டு நைலான் பட்டைகள். கானிம் சங்கிலியை இழுக்க இழுக்க, பட்டைகள் இறுகி முனகின. தலைப்பக்கம் கனம் என்பதால் லேத் முதலில் சாய்ந்தது. இறக்கி, பட்டையைத் தள்ளிப் போட்டு மறுபடி இழுத்தார்கள். இந்த முறை மட்டமாக எழும்பியது. கட்டைகளுக்கும் லேத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் மோட்டார்கள் உறுமத் தொடங்கின. மின்சாரம் இருக்கும்போதே தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குக் குளியல் கிடையாது. இக்லாஸும் மோட்டாரைப் போட்டுவிட்டு, தட்டில் தேநீரோடு வாசற்படி வரை வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"கறி அடைச்ச குப்பா சூடா இருக்கு. முடிச்சுட்டு வாங்க."

"ஆச்சு" என்றான் ஸுஹைர்.

லேத் ஸ்டாண்டின் உயரத்துக்கு மேலே ஏறியது. செயின் பிளாக்கின் சக்கரங்களை உத்திரத்தின் கீழ்விளிம்பு நெடுக மெல்ல உருட்டிக்கொண்டு போனார்கள். வெளிச்சுவர்ப் பக்கமாகத்தான் ஸ்டாண்டு இருந்தது. ஒவ்வொரு சாண் நகரும்போதும் கானிம் அண்ணாந்து பார்த்தான். பிறகு கண்ணி கண்ணியாக இறக்கினான். லேத்துக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வந்ததும் ஸுஹைர் கை காட்டி நிறுத்தச் சொன்னான்.

"தட்டு மேல ஒரு வெல்டிங் பொட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. இது இருந்தா லேத் ஆடும். இரு, எடுத்துடறேன்."

உளியால் தட்டினான். பொட்டு விட்டது, ஆனால் உள்பக்கமாக ஓடிவிட்டது. அதை வழித்து எடுக்கக் கையை உள்ளே விட்டான். அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வாதுமைக் கொட்டையைப் பல்லால் கடித்தது போலச் சின்னச் சத்தம்தான். உத்திரத்தின் நுனி சுவரோடு சேர்ந்து கீழே இறங்கியது. மாவு போல ஜிப்சப் பூச்சு கொட்டியது. லேத் தொப்பென்று தட்டின் மேல் உட்கார்ந்தது.

ஸுஹைர் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவனுடைய வலது கையின் இரண்டு விரல்கள் லேத்தின் தலைப்பக்கக் காலுக்கு அடியில் இருந்தன.

கானிமின் கை தானாகச் சங்கிலிக்குப் போனது.

"தூக்காதே" என்றான் ஸுஹைர். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "தூக்கினா கனமெல்லாம் மறுபடி மேல போகும். மேல பாரு."

கானிம் பார்த்தான். கூரையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் குறுக்கே ஓடியிருந்தது. அதற்கு மேலேதான் தொட்டி. தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. லேத்தின் கனத்தில் பாதியை இன்னமும் சங்கிலிதான் பிடித்துக்கொண்டிருந்தது. சங்கிலியைத் தளர்த்தினால் மீதிக் கனமும் விரல் மேல் இறங்கும். இழுத்தால் கூரை இறங்கும்.

"மோட்டாரை நிறுத்து" என்றான் கானிம். திரும்பிப் பார்த்தான். வாசற்படியில் தேநீர்த் தட்டு மட்டும் இருந்தது. இக்லாஸ் அவன் சொல்வதற்கு முன்பே போயிருந்தாள். மோட்டார் நின்றது. அடுத்து வெளியே தண்ணீர் சடசடவென்று கொட்டுகிற சத்தம். தொட்டியின் அடிக்குழாயையும் திறந்துவிட்டிருக்கிறாள். திரும்பும்போது மூலையிலிருந்த கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வெளிய போ இக்லாஸ்" என்றான் ஸுஹைர்.

"நீங்க வாங்க, சேர்ந்து போகலாம்."

கானிம் கடப்பாரையை வாங்கி, அதன் நுனியை லேத்துக்கும் தட்டுக்கும் நடுவே, ஸுஹைரின் விரலுக்குப் பக்கத்தில் செருகினான். கூரையிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், ஸ்டாண்டிலேயே ஊன்றி நெம்பிவிடலாம். நெம்பினான். தட்டில் பூசியிருந்த எண்ணெயில் நுனி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. லேத் ஒரு மயிரிழை அசைந்து உட்கார்ந்தது. ஸுஹைரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"வலிக்குதா மச்சான்?" என்று கேட்டான் கானிம். வருஷக்கணக்கில் அவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்ல, கிச்சுகிச்சு மூட்டுது. நெம்புடா."

இக்லாஸ் தலைத்துணியை உருவி எண்ணெயைத் துடைத்தாள். கானிம் மறுபடி நுனியைச் செருகினான். இந்த முறை கடப்பாரையின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டு, உடம்பின் மொத்தக் கனத்தையும் அதன் மேல் போட்டுத் தொங்கினாள். கானிம் ஒரு கையால் அவளோடு சேர்ந்து அழுத்தி, மறுகையால் மீந்துபோன பட்டை இரும்பு ஒன்றை இடுக்கில் வைத்துச் சுத்தியலால் தட்டினான். இடுக்கு வாய் பிளந்தது. மேலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து தரையில் விழுந்து சிதறியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றான் ஸுஹைர். "இன்னும்... வந்துருச்சு."

கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் நகர்ந்தான். இக்லாஸ் அண்ணனைத் தோளோடு அணைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். போனவள் திரும்பிப் பார்த்தால் கானிம் சங்கிலிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறான்.

"என்ன பண்றீங்க?"

"சங்கிலியைத் தளர்த்திட்டு வந்துடறேன். லேத் அதுல தொங்குற வரைக்கும் உத்திரத்துக்கு ஓய்வில்லை."

"விட்டுட்டு வாங்க. வீடு போனா போகட்டும்."

அவன் விடவில்லை. சங்கிலியின் இறக்கு பக்கத்தைப் பிடித்துக் கண்ணி கண்ணியாக விட்டான். அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் கூரை துள்ளும். பட்டை இரும்பின் மேலும் தட்டின் மேலும் லேத் முழுக்க உட்கார்ந்தது. நைலான் பட்டைகள் தொய்ந்தன. உத்திரத்திலிருந்து நெடுமூச்சு போல ஒரு முனகல் வந்தது. அதற்குப் பிறகுதான் வெளியே வந்தான். வந்து தெருவில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தன்னூன் ஓடி வந்தார். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். தன் முற்றத்தில் அடுக்கியிருந்த இரும்பு முட்டுகளைத் தன் ஆட்களோடு தூக்கி வந்து, வாசலிலிருந்து ஒவ்வொன்றாக உத்திரத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டே உள்ளே போனார். கூரை நின்றுவிட்டது. ஸுஹைரை அவருடைய காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நடுவிரலும் மோதிரவிரலும் நொறுங்கியிருந்தன. விரல்களை எடுக்க வேண்டியதில்லை, கம்பி வைத்துக் கட்டினால் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். கட்டுப் போட்டு முடித்ததும் ஸுஹைரை நடைக்கூடத்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் இக்லாஸ், மறுபக்கம் கானிம்.

கானிம் புறப்படுவதற்கு முன் சுவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பார்த்ததிலிருந்து அவனால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம். எல்லாரும் பழைய உத்திரத்தின் மேல்தான் பழி போடுவார்கள். ஸுஹைரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பான். கானிம் அவனுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"மச்சான், உத்திரம் வளையல. நூல் பிடிச்ச மாதிரி நேராத்தான் இருக்கு. செவுருதான் உக்காந்துருச்சு. காத்தாடிக்கு ஓட்டை போட்டேன்ல, சரியா உத்திரத்து நுனிக்குக் கீழ போட்டிருக்கேன். அது உக்காந்திருந்த கல்லையே பேத்து எடுத்திருக்கேன்."

"தெரியும்" என்றான் ஸுஹைர்.

"என்ன தெரியும்?"

"வந்த அன்னிக்கே பாத்தேன். காத்தாடிக்கு அங்க இடம் பாத்திருக்கானே, கிறுக்கன்னு நினைச்சேன்."

கானிம் அவன் பக்கம் திரும்பினான். "பாத்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பே? திருட்டு எலும்பைத் தொங்கவிட்டவன் செவுத்து மேல பழி போடறான்னு அடுத்த கல்யாணத்துல சொல்லியிருப்பே. லேத் ஒண்ணோட கனம் கூடும், அவ்வளவுதானே, தாங்கிடும்னு நினைச்சேன். இவ மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவாள்னு நினைக்கல." ஸுஹைர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "உனக்கும்தான் நம்பிக்கை இல்லை. சங்கிலி இழுக்கும்போதெல்லாம் கோழி தண்ணி குடிக்கிற மாதிரி அண்ணாந்து அண்ணாந்து பாத்தே. நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்பே."

"போயிருப்பேன்தான்."

இக்லாஸ் எண்ணெய்க்கறை படிந்த தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே என்னை மோட்டார் போடவிட்டு அந்தக் கூரைக்குக் கீழ நின்னிருக்கீங்க. வாயில என்ன குப்பாவா அடைச்சிருந்துச்சு?" குரல் உயரவில்லை. "அன்னிக்கு அது என் மேல சாஞ்சப்போகூட எனக்கு இவ்வளவு பயம் வரல."

அவள் நடைக்கூடத்தின் கடைசி வரை நடந்து போய், ஜன்னலருகே முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு ஆண்களும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய்ச் சமாதானம் சொல்ல ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் ஸுஹைர்தான், "கையில கட்டு இருக்கிறவனை அவ அடிக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

தன்னூன் சுவரை இடுப்புயரம் வரை பிரித்து, உத்திரத்தின் நுனிக்குக் கீழே கான்கிரீட் திண்டு வார்த்துக் கொடுத்தார். காற்றாடி வேறு சுவருக்குப் போனது. தண்ணீர்த் தொட்டியை அடுக்களைக் கூரைக்கு மாற்றச் சொன்னாள் இக்லாஸ். மறுபேச்சுப் பேசாமல் மாற்றினார்கள். கான்கிரீட் இறுகுகிற வரை லேத் பட்டை இரும்பின் மேல் கோணலாக உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு நாள் மூன்றுகால் கொம்பு நட்டு அதைத் தூக்கி, தட்டைச் சுத்தமாக வழித்து, ஒழுங்காக இறக்கிப் போல்ட் மாட்டினார்கள். கட்டுப்போட்ட கையோடு ஸுஹைர் முக்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தான்.

"வலது முன்கால் போல்ட்டைக் கால் சுத்து திருப்பு."

"ரசமட்டம் சரியாத்தானே காட்டுது?"

"உன் ரசமட்டம் உன்னை மாதிரி. பாக்க நேரா இருக்கும். திருப்புடா."

"திருப்பினா வால்பக்கம் தூக்கிக்கும் மச்சான். உனக்கு வெல்டிங் தெரியும், லேத் தெரியாது. சும்மா இரு."

சண்டை வலுத்தது. அடுக்களையிலிருந்து இக்லாஸ் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

கானிம் சக்கின் பிடியில் ஒரு தண்டை இறுக்கி லேத்தை ஓடவிட்டான். உதறலும் உறுமலும் போய், ஒரே சீரான ரீங்காரம் வந்தது. ஸ்டாண்டின் மேல் வைத்திருந்த கோப்பையில் தேநீர் அலுங்கவில்லை. உளி கடித்த இடத்திலிருந்து நீலச் சுருள் அறுபடாமல் ஓடி வந்தது. நிறுத்திவிட்டு விலகி நின்றான். ஸுஹைர் எழுந்து வந்து இடது கைவிரலால் தண்டைத் தடவிப் பார்த்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். மறுபடி ஒருமுறை தடவினான்.

கோடைப் பாசனத்துக்குப் பம்புத் தண்டுகள் நேரத்தில் போய்ச் சேர்ந்தன. ஸுஹைரின் நடுவிரல் பழையபடி ஆயிற்று. மோதிரவிரல் மட்டும் முழுக்க மடங்கவில்லை. வெல்டிங் பிடியை இப்போது அவன் அந்த விரலை நீட்டிக்கொண்டே பிடிக்கிறான். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ தோரணை போலத் தெரியும். கேட்டால், "என் மாப்பிள்ளை வீட்டுல கூரை சரியில்லை" என்பான். கானிம் பக்கத்தில் இருந்தால், "செவுரு" என்று திருத்துவான்.